பாசித் தட்டும் பாட்டில் கஷாயமும்

நேயர்களுக்கு வணக்கம்.

மண்டபம், பாம்பன் பக்கம் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் காய வைத்து, கொதிக்க வைத்து, வடித்து எடுப்பதுதான் அகர் அகர். நோன்பு மாதத்தில் கீழக்கரை வீடுகளில் கிண்ணம் கிண்ணமாக உறையுமே கடல்பாசி, அதுவேதான். ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாவை வளர்க்க விரிக்கும் படுக்கையும் அதுதான். 1881 வாக்கில் கிருமி ஆய்வின் முன்னோடி ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் ஜெலட்டின் வெப்பத்தில் உருகி வழிந்தபோது, அங்கே வேலை பார்த்தவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே தன் அடுப்படியில் புழங்கிய அகரைச் சொல்லிக் கொடுத்தார். சமையல்கட்டில் பிறந்த அறிவியல்!

நான் நுண்ணுயிரியல் வாத்தியார். வருஷா வருஷம் மாணவர்கள் நொச்சி, குப்பைமேனி, அலையாத்தி இலை என்று எதையாவது கொண்டுவருவார்கள். நிழலில் உலர்த்தி, பொடித்து, ஆல்கஹாலில் ஊற வைத்து, சாற்றைச் சுண்ட வைப்போம். 6 மில்லிமீட்டர் அகலமுள்ள காகித வில்லையில் ஒரு சொட்டு விட்டு, கிருமி பூசிய அகர் தட்டில் வைப்போம். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவான வட்டம் விழுந்திருந்தால் ஒரே குதூகலம். ஸ்கேலை வைத்து அளப்பார்கள். சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் பெரும்பாலும் சீக்கிரம் மசியும். குடலில் வாழும் ஈ.கோலி எளிதில் மசியாது, அதற்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு.

சரி, தட்டில் கிருமி செத்தால் அது மருந்தாகிவிடுமா? பிளீச்சிங் பவுடரும்தான் கொல்லும்.

இதைச் சொல்லக் காரணம், எங்கள் தெருக் காக்கா ஒருவர். எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன். சிறுநீரகம் செயலிழந்ததால், வாரம் மூன்று நாள் ராமநாதபுரம் போய் டயாலிசிஸ், அதாவது இயந்திரத்தில் ரத்தச் சுத்திகரிப்பு, செய்துகொள்கிறார். ஒருநாள் அவர் வீட்டில் மீன் ஆணம், அதாவது மீன் குழம்பு. "ஆணத்துல ஒரு ருசியும் இல்ல வாத்தியாரே, சப்புன்னு இருக்கு" என்றார். அவர் மனைவி லாத்தாவுக்குக் கோபம். தவறு ஆணத்தில் இல்லை. டயாலிசிஸ் செய்துகொள்கிற பலருக்கு ரத்தத்தில் துத்தநாகம் குறைந்துவிடும். பசி மந்தம், பத்தியம் எல்லாம் சேர்ந்து சாப்பாட்டில் வரும் துத்தநாகத்தைக் குறைக்கும். ருசி போவதற்கு அதுவும் ஒரு காரணம். அதற்காக நாமே துத்தநாக மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. அது மிஞ்சினால் செம்பு குறைந்து, ரத்தசோகை வரும்.

டயாலிசிஸின் தண்ணீர் கணக்கையும் பாருங்கள். ஒரு மெல்லிய சவ்வுக்கு இந்தப் பக்கம் ரத்தம் ஓட, நான்கு மணி நேரத்தில் சுமார் 120 லிட்டர் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடுகிறது. தண்ணீரில் இருப்பது ரத்தத்துக்குள் வரலாம். 1970களில் மேலை நாடுகளில் தண்ணீரிலிருந்த அலுமினியம் இப்படி உள்ளே புகுந்து, நோயாளிகளின் மூளையையும் எலும்பையும் கெடுத்தது. இப்போது தண்ணீரை வடிகட்டும் ஆர்.ஓ. இயந்திரம் இல்லாமல் இந்த டயாலிசிஸே கிடையாது. உப்புத் தண்ணீர் குடித்த நமக்கு ஆர்.ஓ.வின் அருமையைச் சொல்லவா வேண்டும்?

அப்புறம் காக்கா அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். யாரோ கொடுத்த கஷாயம். "மூலிகைதானே, சூதானமானது" என்றார். முகர்ந்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. ஆடுதின்னாப்பாளை என்ற செடி சேர்ந்திருக்கிறதாம், அது மட்டும் அவருக்குத் தெரியும். அதன் சாறு தட்டில் கிருமியைத் தடுக்கும். ஆனால் அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தையே அரிக்கும், புற்றுநோயும் தரும். 1990களில் பெல்ஜியத்தில் உடம்பு இளைக்க மாத்திரை தின்ற பெண்கள் நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது அந்தச் செடியின் உறவுக்காரச் செடியால்தான். அது இல்லாவிட்டாலும் இலைக் கஷாயத்தில் பொட்டாசியம் இறங்கும். சிறுநீர் பிரியாத உடம்பில் அது தேங்கினால் இதயம் நின்றுவிடலாம்.

"அப்ப இத என்ன செய்ய, கொட்டிரவா?"

"கொட்டாதீங்க காக்கா. இனி ஒரு சொட்டும் வாயில வைக்காதீங்க. அடுத்த தடவை போறப்ப பாட்டிலோட டாக்டர்கிட்ட காட்டுங்க. துத்தநாகம் பார்க்கணுமான்னும் கேளுங்க" என்றேன்.

டயாலிசிஸ் பையில் துண்டுக்குப் பக்கத்தில் பாட்டிலைச் சொருகி வைத்தார் லாத்தா. ஆணத்தில் உப்பைக் கூட்டவில்லை, மிளகைத்தான் தூக்கலாகப் போட்டிருந்தார்.