கூடம் கோணலா? மந்திரக்காரர்களின் சமநிலை பற்றி ஆண்டு விழாவில் பேசியது

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, இந்த விழாவுக்காக மூன்று வாரமாக ஓடியாடி உழைத்த செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்ட பேராசிரியர் ஐயா அவர்களே, முன்வரிசையில் பகடைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், ஆட்டத்தை நடத்திக் கதை சொல்லும் மூத்த டி.எம்.களே, நான் எப்போது இறங்குவேன் என்று பார்த்தபடி பின்னால் இப்போதே மேப்பை விரித்துவிட்ட தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். பொருளாளரை விட்டுவிட்டேன். அவரை விட்டால் அடுத்த வருடம் மைக் கிடைக்காது. அவருக்கும் தனியாக ஒரு வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, நாம் பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் மந்திரம் போடும் வகுப்புகளுக்குள், அதாவது பாத்திர வகைகளுக்குள், சமநிலை. மூன்று விஷயம் பேசப் போகிறேன். ஒன்று ஓய்வு. இரண்டு, யாருக்கு எத்தனை மந்திரம் தெரியும் என்பது. மூன்று, கான்சன்ட்ரேஷன், அதாவது போட்ட மந்திரத்தைக் கலையாமல் பிடித்து வைத்திருப்பது. மூன்றுக்கும் அடியில் ஒரே பழமொழிதான் கிடக்கிறது: ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இதை நான் போன வருடமும் சொன்னேன் என்று தலைவர் சிரிக்கிறார். அடுத்த வருடமும் சொல்வேன்.

ஒரு வகுப்பு மட்டும் ஓங்கி நிற்கிறது, விதியே கோணல் என்ற புகார் ஒன்றும் புதிதில்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸைக் கொண்டுவந்த நாளிலிருந்து நம்மோடு வருகிறது. 1978-இல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பைப் பாருங்கள். மந்திரவாதிக்கு உயிர் ஒரு நான்கு பக்கப் பகடை, முதல் லெவலில் கையில் ஒரே ஒரு மந்திரம். நித்திய கண்டம்தான். பூரண ஆயுசு கிடைத்தால் கடைசியில் அவர்தான் ராஜா, கத்தி பிடித்தவர் பை தூக்குவார். 2000-இல் மூன்றாம் பதிப்பு, பிறவியிலேயே மந்திரம் வாய்த்த சார்சரரை உள்ளே கொண்டுவந்தது. 2008-இல் நான்காம் பதிப்பு எல்லா வகுப்புக்கும் ஒரே அச்சு வார்த்தது. நினைத்தபோதெல்லாம் போடும் திறன் ஒரு வகை, சண்டைக்கு ஒரு தடவை போடுவது ஒரு வகை, நாளுக்கு ஒரு தடவை போடுவது ஒரு வகை. சமநிலை வந்தது. கூடவே "எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது" என்ற புலம்பலும் வந்தது.

சரி, இப்போது நாம் ஆடும் ஐந்தாம் பதிப்பு, 2014. இதில் படித்து மந்திரம் கற்ற விசார்டும், ஒரு பெரிய சக்தியோடு ஒப்பந்தம் போட்டு மந்திரம் வாங்கிய வார்லாக்கும் வேறு வேறு கடிகாரத்தில் ஓடுகிறார்கள். ஐந்தாம் லெவல் விசார்டுக்கு ஒன்பது ஸ்லாட், அதாவது ஒன்பது தடவை மந்திரம் போடலாம், அதில் இரண்டுதான் இருப்பதிலேயே பலமான மூன்றாம் நிலை. எட்டு மணி நேர லாங் ரெஸ்ட் போட்டால் அத்தனையும் திரும்பும். வார்லாக்குக்கு மொத்தமே இரண்டு ஸ்லாட், இரண்டும் மூன்றாம் நிலை, ஒரு மணி நேர ஷார்ட் ரெஸ்டிலேயே திரும்பிவிடும். நாளுக்கு இரண்டு ஷார்ட் ரெஸ்ட் கிடைத்தால் வார்லாக் ஆறு முறை மூன்றாம் நிலை மந்திரம் போடலாம். விசார்ட், நாளுக்கு ஒரு தடவை ஷார்ட் ரெஸ்டில் கொஞ்சம் ஸ்லாட்டை மீட்கும் ஆர்கேன் ரெகவரியையும் சேர்த்து மூன்று முறைதான். ஷார்ட் ரெஸ்டே இல்லையா? விசார்டின் ஒன்பதுக்கு வார்லாக்கின் இரண்டு. புத்தகத்தில் ஓர் எழுத்து மாறவில்லை, இரண்டு மணி நேர ஓய்வை எடுத்துவிட்டோம், அவ்வளவுதான்.

என் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். ஐந்தாம் லெவல் குழு, விசார்ட், வார்லாக், பூசாரியான கிளெரிக், கத்தி பிடிக்கும் ஃபைட்டர். ஒரு காவல் கோபுரத்தின் உச்சியில் வணிகர் மகனை அடைத்து வைத்திருக்கிறார்கள், மீட்க வேண்டும். தரைத்தளத்தில் ஏழு கோப்ளின், குட்டிப் பூதங்கள். நம் விசார்ட் நண்பர் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். ஃபயர்பால், மூன்றாம் நிலை நெருப்புப் பந்து மந்திரம்! எட்டுப் பகடையை இரண்டு கையாலும் அள்ளி உருட்டினார், இரண்டு மேசைக்குக் கீழே போய்விட்டது. ஐந்து கோப்ளின் கரி. படிக்கட்டுப் பக்கம் ஓடிய இரண்டுக்கு? இன்னொரு ஃபயர்பால்! கிளெரிக் "கல்லெடுத்து அடித்தாலே செத்திருக்குமே" என்றார். யார் கேட்கிறார்கள். அப்புறம் விசார்ட் கையைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "கதவைச் சாத்து, எல்லாரும் தூங்கலாம்." கதையில் மணி காலை ஒன்பது. முகாமில் எழுந்தே ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

நான் என்ன செய்தேன்? "தூங்குங்கள்" என்றேன். முதல் மாடியிலும் அதே கதை. இரண்டாம் மாடி ஏறும்போது வார்லாக் ஆடிய தங்கை பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணா, தூங்கி எழுந்தா அவருக்கு ஒன்பது, எனக்கு ரெண்டு. நான் எதுக்கு வந்தேன்?"

அன்று இரவு நான் பெரிய நீதிமான் ஆகிவிட்டேன். ஃபயர்பாலுக்கு இனி எட்டுப் பகடை கிடையாது, ஆறுதான் என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். அடுத்த வாரம் விசார்ட் நண்பர் புத்தகத்தோடு வந்தார். ஒரு மணி நேரம் வாதம். தன் பக்கத்து நியாயத்துக்காக ஓய்வு பற்றிய பக்கத்தைப் புரட்டி உரக்கப் படித்தார், "லாங் ரெஸ்டின் பலன் இருபத்துநாலு மணி நேரத்தில்..." என்று பாதி வாக்கியத்தில் நின்றார். மெல்லப் புத்தகத்தை மூடினார். தங்கை விடவில்லை. "முழுசா படிங்க." இருபத்துநாலு மணி நேரத்தில் ஒரு முறைக்கு மேல் கிடையாது! அச்சில் இருக்கிறது. டி.எம். என்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நான் படிக்கவே இல்லை. ஆடத் தெரியாதவள் வேறு யாருமில்லை, இதோ மைக் முன்னால் நிற்கிறேன்.

எட்டுப் பகடையைத் திருப்பிக் கொடுத்தேன். கோபுரத்தைத் தரைத்தளத்திலிருந்து மறுபடி ஆடினோம். ஒரே நாள், நடுவில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட். உச்சிக்குப் போகும்போது விசார்டிடம் இரண்டாம் நிலை ஸ்லாட் ஒன்று மிச்சம், முன்னால் இரண்டு கதவு. முதல் கதவுக்குச் செலவழிப்பதா, வைத்துக்கொள்வதா என்று தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அப்படி யோசித்து அன்றுதான் பார்த்தேன்.

இரண்டாவது விஷயம். 2014 சார்சரருக்கு இருபதாம் லெவலில் தெரிந்த மந்திரம் வெறும் 15. 2024 திருத்தத்தில் 22 ஆக்கினார்கள். அங்கே கூடம் நிஜமாகவே கோணல்தான், நிமிர்த்திவிட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே 2024-இல் வார்லாக்குக்கு என்ன செய்தார்கள்? நாளுக்கு ஒரு தடவை, ஒரே நிமிடச் சடங்கில் பாதி ஸ்லாட் திரும்ப வரும். ஏன்? நாம் ஷார்ட் ரெஸ்ட் கொடுக்க மாட்டோம் என்று எழுதியவர்களுக்கே தெரிந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். எனக்கு அது அவமானமாக இருக்கிறது. ஆகவே யாருக்கு எத்தனை மந்திரம் என்ற பிரச்சினையும் சுற்றிச் சுற்றி ஓய்விடமே வந்து நிற்கிறது.

செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார். கான்சன்ட்ரேஷன் மிக முக்கியமான விஷயம், அடி வாங்கினால் பத்து அல்லது அடியில் பாதி, எது அதிகமோ அதையோ அதற்கு மேலோ உருட்டினால்தான் மந்திரம் நிற்கும் என்பதற்குள் எவ்வளவோ இருக்கிறது. வாசலில் நிற்கிறேன், வந்து கேளுங்கள்.

கடைசியாக என் கோரிக்கை, உங்களுக்குத் தெரிந்ததுதான். 2014 டி.எம். வழிகாட்டி, நடுத்தரமும் கடினமுமான சண்டை ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு, இடையில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் என்று கணக்குப் போட்டிருக்கிறது. எட்டு வேண்டாம், நாலு போதும். அந்த இரண்டு ஷார்ட் ரெஸ்டை மட்டும் ஆட்டம் தொடங்கும் முன்பே தாளில் எழுதி வையுங்கள். நம் சங்கத்தின் எல்லா மேசைக்கும் இதை விதியாக்க வேண்டும் என்று ஒரு மனு தயார். நாற்பது கையெழுத்து வந்தால் பொதுக்குழுவில் எடுத்துக்கொள்வதாகத் தலைவர் சொல்லியிருக்கிறார், இல்லையா ஐயா? தலையாட்டிவிட்டார், எல்லோரும் பார்த்தீர்கள். இதுவரை பதினேழு. பதினேழாவது அந்த விசார்ட் நண்பருடையது. தாள் கதவுப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பேனா இரண்டுதான் வைத்திருக்கிறேன், தயவுசெய்து எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். வணக்கம்.