வெயிலைக் கேட்கும் மூங்கில் ஆர்க்கிட்

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். ஆர்க்கிட் என்றதும் நம்மில் பலருக்கு 1981ஆம் ஆண்டு சிங்கப்பூரின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட வாண்டா மிஸ் ஜோக்கிம்தான் நினைவுக்கு வரும். அது கலப்பினம். நான் பேச வந்திருப்பதோ, இந்த மண்ணிலேயே இயற்கையாக வளர்ந்த மூங்கில் ஆர்க்கிட்டைப் பற்றி. இந்தியா, இலங்கை முதல் இந்தோனீசியா வரை பரவியுள்ள இச்செடி, சிங்கப்பூரின் இயற்கை வெளிகளில் மிக அரிதாகிவிட்டது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

மரங்களில் தொற்றி வாழும் ஆர்க்கிட்டுகளைப் போலன்றி, இது தரையில் வேரூன்றி, நாணல் போன்ற தண்டுகளோடு ஆளுயரம் வரை வளரும். மண் சரிந்த மேடுகளிலும் சாலைக்காக வெட்டிய சரிவுகளிலும் கொளுத்தும் வெயிலில் குடியேறும் இயல்புடையது. இதை அறியாமல், என் முதல் செடியைக் கரித்துண்டுகள் நிரப்பிய தொட்டியில் வைத்து, நிழல்வலைக்கு அடியில் எட்டு மாதம் வளர்த்தேன். தண்டுகள் மெலிந்து சாய்ந்தனவே தவிர, ஒரு மொட்டும் வரவில்லை. மணலும் மட்கிய உரமும் கலந்த, நீர் தேங்காத மண்ணுக்கு மாற்றி, எங்கள் சமூகத் தோட்டத்தில் நாள் முழுதும் வெயில் விழும் வேலியோரம் நட்டு, காலைதோறும் நீர் ஊற்றிய பிறகே அது நிமிர்ந்தது.

வெளிர் ஊதா இதழ்களுக்கு நடுவே, உதடு எனப்படும், குழல்போல் சுருண்ட அடர் ஊதா இதழும் அதன் தொண்டையில் மஞ்சள் திட்டும் கொண்டது அந்தப் பூ. ஒரு காலை, பெரிய கருவண்டு ஒன்று அந்த உதட்டில் அமர, பூவே தலைகுனிந்தது. வண்டு உள்ளே நுழைந்து பின்வாங்கியபோது அதன் முதுகில் மகரந்தம் ஒட்டியிருந்தது. ஒரு பூ சில நாள்களில் வாடிவிடும் என்றாலும், அதே நுனியில் அடுத்த மொட்டு காத்திருக்கும். அதனால் பூத்த தண்டை அவசரப்பட்டு நறுக்காதீர்கள்.

வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டில் வளர்ப்போர், பொதுத் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழிவிட்டே தொட்டியை வைக்கவேண்டும்; தொட்டித் தட்டில் நீர் தேங்கினால் கொசு பெருகும்.

விதையிலிருந்து வளர்ப்பது நமக்கு எளிதன்று. தூசு போன்ற அவ்விதை முளைக்க மண்ணிலுள்ள பூஞ்சையின் துணை வேண்டும். ஆனால் முதிர்ந்த தண்டின் கணுக்களில் செடியே கன்று விடுகிறது. கன்றின் வேர் விரல் நீளம் வந்ததும் பிரித்து நடலாம். அப்படி எடுத்த மூன்று கன்றுகளில் ஒன்றை எங்கள் புளோக்கின் நான்காம் மாடியில் இருக்கும் ஓர் அக்காவுக்குக் கொடுத்தேன்; அதன் முதல் தண்டு இப்போதுதான் முழங்கால் உயரம் வந்திருக்கிறது.