23 ரன்னுக்கு ஏன் கைதட்டினார்கள்? டெஸ்ட், டி20, ரசிகர் மனது

[காட்சி: சிட்னி மைதானத்தின் ஸ்கோர் பலகை. பின்னணி இசை வேண்டாம்.]

2021 ஜனவரி 11. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான சிட்னி டெஸ்டின் கடைசி நாள். இந்தியாவுக்கு ஐந்து விக்கெட் போய்விட்டது. ஹனுமா விஹாரிக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டு ஓடவே முடியவில்லை. எதிர்முனையில் முதுகு வலியோடு அஸ்வின். இருவரும் 40 ஓவருக்கு மேல் நின்று, தோற்காமல் ஆட்டத்தை டிரா செய்துவிட்டுத்தான் வெளியே வந்தார்கள். விஹாரி 161 பந்தில் 23 ரன். அஸ்வின் 128 பந்தில் 39.

டி20யில் ஓர் அணி முழுவதற்கும் கிடைப்பதே 120 பந்து. விஹாரி ஒற்றை ஆளாக அதற்கு மேல் 41 பந்து ஆடியிருக்கிறார்.

அந்த மாலையை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கும். ஆனால் டி20 பார்த்து வளர்ந்த ஒருவர், "161 பந்தில் 23 ரன் அடித்ததற்கா இவ்வளவு?" என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த வீடியோ.

[காட்சி: திரையில் இரண்டு எண்கள். 120. 2,700.]

பொறுமை உள்ளவருக்கு டெஸ்ட், இல்லாதவருக்கு டி20 என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு லீக் தொடரை இரண்டு மாதம் தினமும் விடாமல் பார்ப்பவரிடம் பொறுமை இல்லை என்று எப்படிச் சொல்வது? விஷயம் வேறு. எது அரிதாகக் கிடைக்கும் சரக்கு, பந்தா விக்கெட்டா?

டி20யில் கையில் பத்து விக்கெட், 120 பந்து. 12 பந்துக்கு ஒரு விக்கெட் போனாலும் 20 ஓவரை ஆடி முடித்துவிடலாம். அங்கே பந்துதான் தங்கம். டெஸ்டில் நாளுக்கு 90 ஓவர், ஐந்து நாளைக்கு 2,700 பந்து. பந்து கொட்டிக் கிடக்கிறது. ஆனால் ஜெயிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் எதிரணியின் 20 விக்கெட்டையும் எடுத்தாக வேண்டும். அங்கே விக்கெட்தான் தங்கம்.

இப்போது ஒரே ஒரு பந்தை எடுத்துக்கொள்வோம்.

[காட்சி: பந்து வரும் கோணம், மெதுவாக.]

ஆஃப் ஸ்டம்புக்கு ஒரு சாண் வெளியே, குட் லெங்த், அதாவது முன்னே போவதா பின்னே போவதா என்று ஆட்டக்காரரைத் தடுமாற வைக்கும் தூரம். டெஸ்டில் தொடக்க ஆட்டக்காரர் மட்டையை உயர்த்தி அதை விட்டுவிடுகிறார். கீப்பர் கையில் பந்து விழும் சத்தம். ஒன்றுமே நடக்கவில்லை போலத் தெரியும். அடுத்த பந்தும் அங்கேயே விழுந்து வெளியே போகிறது, விடுகிறார். மூன்றாவதும் அப்படியே. நான்காவது அதே இடத்தில் விழுந்து உள்ளே வருகிறது. மூன்று முறை விட்டுப் பழகிய கை இதற்கும் உயர்ந்துவிட்டது. ஆஃப் ஸ்டம்ப் சாய்கிறது. அந்த ஒரு விக்கெட்டுக்கு நான்கு பந்துக்கும் சேர்த்துத்தான் கைதட்டுகிறோம்.

அதே முதல் பந்தை டி20யில் விட்டால்? ஒரு டாட் பால், ரன்னே இல்லாமல் வீணான பந்து. அடுத்த பந்தை எங்காவது தூக்கியாக வேண்டிய கட்டாயம். நான்காவது பந்து வரைக்கும் விரிக்கும் வலைக்கு அங்கே நேரமே கிடையாது.

சரி, அதனால் டி20 கீழானது என்று நான் சொல்ல வரவில்லை. 2024 ஜூன் 29, பிரிட்ஜ்டவுனில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் தேவை, கையில் ஆறு விக்கெட். யாராக இருந்தாலும் ஆட்டம் முடிந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். பும்ரா 16ஆவது ஓவரில் 4 ரன் கொடுத்தார், 18ஆவது ஓவரில் 2 ரன் மட்டும் கொடுத்து ஒரு விக்கெட்டும் எடுத்தார். தங்கமான அந்தப் பந்துகளை ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டார். கடைசி ஓவரின் முதல் பந்தில் மில்லர் தூக்கி அடித்தது சிக்ஸர் போலத்தான் போனது. எல்லைக் கோட்டருகே சூர்யகுமார் பிடித்து, கோட்டைத் தாண்டும் முன் பந்தை மேலே எறிந்து, மறுபடி உள்ளே வந்து பிடித்தார். இந்தியா 7 ரன்னில் ஜெயித்தது. அந்த அரை மணி நேரத்தில் டிவி முன்னால் உட்காராமல் நின்றுகொண்டிருந்தவர்களில் டெஸ்ட் பிரியர்களும் இருந்தார்கள். நானும் நின்றேன்.

[காட்சி: மெல்போர்ன், பழைய கருப்பு வெள்ளைப் படம்.]

நடுவில் மாட்டிக்கொண்டது சர்வதேச ஒருநாள் ஆட்டம். அது பிறந்ததே மழையால். மெல்போர்னில் டெஸ்ட் மழையில் போக, அதற்கு ஈடாக 1971 ஜனவரி 5 அன்று 40 ஓவர் ஆட்டம் ஒன்றை வைத்தார்கள். அப்புறம் வண்ணச் சட்டையும் வெள்ளைப் பந்தும் வந்தபோது, இது கிரிக்கெட்டே இல்லை என்று பழைய ரசிகர்கள் கோபப்பட்டார்கள். இன்று "ஒருநாள் ஆட்டத்தையாவது காப்பாற்றுங்கள்" என்ற குரலைக் கேட்கும்போது, டி20யைப் பார்த்து முகம் சுளிக்க எனக்கு மனம் வருவதில்லை.

எனக்கு வருத்தம் அட்டவணையில்தான் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்கா நியூசிலாந்துக்கு அனுப்பிய டெஸ்ட் அணியில் முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் இல்லை. உள்நாட்டு டி20 லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதுவரை ஒரு டெஸ்ட் கூட ஆடாத நீல் பிராண்ட் தான் கேப்டன். இரண்டு ஆட்டமும் தோல்வி. அதே நாடு 2025 ஜூனில் லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 282 ரன்னைத் துரத்தி உலக டெஸ்ட் சாம்பியன் ஆனது. மார்க்ரம் 136. தொடைத் தசை வலியோடு நொண்டிக்கொண்டே ஓடிய பவுமா 66. அந்த மண்ணில் டெஸ்டுக்கு ஆள் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

[காட்சி: பிரிஸ்பேன், மாலை வெளிச்சம்.]

கடைசியாக ஷமார் ஜோசப். கயானாவில், படகில் போய்ச் சேர வேண்டிய ஒரு சிற்றூர்க்காரர். செக்யூரிட்டி வேலை பார்த்தவர். 2024 ஜனவரியில் தன் இரண்டாவது டெஸ்டிலேயே பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவின் ஸ்டார்க் காலடியை நோக்கி வீசிய யார்க்கர் காலில் பட்டு ஆட்டத்தை விட்டு வெளியேறினார். மறுநாள் அதே காலோடு ஓடிவந்து பந்து வீசி 68 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். வெஸ்ட் இண்டீஸ் 8 ரன்னில் ஜெயித்தது. 1997க்குப் பிறகு ஆஸ்திரேலிய மண்ணில் அவர்களுக்கு அதுதான் முதல் டெஸ்ட் வெற்றி. வர்ணனை அறையில் வெஸ்ட் இண்டீஸின் பழைய நட்சத்திரம் பிரையன் லாரா அழுதுவிட்டார்.

தொடர் 1-1. மூன்றாவது டெஸ்ட் என்று ஒன்று அட்டவணையிலேயே இல்லை.