ஜீயஸைப் புகழ்ந்த கவிதை வரி வேதாகமத்துக்குள் வந்தது எப்படி?

(திரையில்: விண்மீன்கள் நிறைந்த இரவு வானம். குரல் மட்டும்.)

கிரேக்கர்களின் தலைமைக் கடவுளான ஜீயஸைப் புகழ்ந்து எழுதப்பட்ட ஒரு கவிதை வரி, நாம் கையில் வைத்திருக்கும் பரிசுத்த வேதாகமத்தில் அச்சாகியிருக்கிறது. அதை மேற்கோளாக எடுத்துப் பேசியவர் பவுல் அப்போஸ்தலர். இது யாரோ கட்டிவிட்ட கதையன்று. அப்போஸ்தலருடைய நடபடிகள் 17ஆம் அதிகாரம் 28ஆம் வசனத்தைத் திறந்தால் நீங்களே வாசிக்கலாம்.

சினிமாவிலும் பாட்டிலும் விளையாட்டிலும் அன்றாட வேலைகளிலும் விசுவாசத்துக்கான பாடத்தைத் தேடலாமா, தேடினால் எப்படித் தேடவேண்டும் என்பதே இந்த வீடியோவின் பொருள். உலகப் பொழுதுபோக்குக்கும் விசுவாசிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்கிற எல்லாவற்றிலும் உடனே ஒரு பிரசங்கக் குறிப்பைக் கண்டுபிடித்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரு சாராரும் இந்த வசனத்தின் அருகில் சற்று நேரம் உட்கார வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பவுல் அத்தேனே பட்டணத்துக்கு வருகிறார், நகரம் விக்கிரகங்களால் நிறைந்திருப்பதைக் கண்டு அவருடைய ஆவி கொதிக்கிறது, சந்தைவெளியில் தினந்தோறும் எதிர்ப்பட்டவர்களோடு பேசுகிறார், எப்பிக்கூரரும் ஸ்தோயிக்கருமான தத்துவ ஞானிகள் அவரை மார்ஸ் மேடைக்கு அழைத்துப்போகிறார்கள். அங்கே அவர், "அறியப்படாத தேவனுக்கு" என்று எழுதப்பட்ட பலிபீடத்தைத் தாம் கண்டதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குகிறார். நம்மில் பெரும்பாலோருக்கு இந்தப் பலிபீடம் தெரியும். சிறிது நேரத்தில் அவர் சொன்ன அடுத்த மேற்கோளை நாம் கவனிப்பதில்லை.

(திரையில்: "உங்கள் புலவர்களிலும் சிலர், நாம் அவருடைய சந்ததியார் என்று சொல்லியிருக்கிறார்கள்.")

இந்த வரியை எழுதியவர் அராத்தஸ் என்ற கிரேக்கக் கவிஞர். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் மக்கெதோனிய அரசன் அந்திகோனஸ் கொனாத்தாஸின் அவையில் இருந்தவர். வானத்தில் எந்த விண்மீன் கூட்டம் எங்கே இருக்கிறது, எந்த அறிகுறி தெரிந்தால் மழை வரும், எப்போது கடல் கொந்தளிக்கும் என்று சொல்லுகிற 1,100 வரிகளுக்கு மேற்பட்ட ஒரு நெடுங்கவிதை அவருடைய பெரும் படைப்பு. வானியலும் வானிலையும் கலந்த இந்தக் கவிதை பழங்கால உலகில் பெற்ற வரவேற்பு இன்று நமக்கு வியப்பாக இருக்கும். ரோமாபுரியின் புகழ்பெற்ற பேச்சாளரான சிசரோ தம் இளமையில் இதை இலத்தீனில் மொழிபெயர்த்தார். பின்னர் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஜெர்மானிக்கஸும் இலத்தீனில் ஆக்கினார். கல்விக்கூடங்களில் படிக்கப்பட்டு, உரைகள் எழுதப்பட்டு, பல நூற்றாண்டுகள் மக்கள் நாவில் இருந்த கவிதை அது.

அந்தக் கவிதையின் தொடக்கத்தை அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை உங்களோடு பகிர்ந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. ஜீயஸிலிருந்தே தொடங்குவோம் என்று அராத்தஸ் ஆரம்பிக்கிறார்; தெருக்கள் எல்லாம், மனிதர் கூடும் சந்தைகள் எல்லாம், கடலும் துறைமுகங்களும் அவரால் நிறைந்திருக்கின்றன என்றும், எல்லா வழிகளிலும் நமக்கு அவர் தேவை என்றும் சொல்லிவிட்டு, ஐந்தாவது வரியில், நாம் அவருடைய சந்ததியாரும் அல்லவா என்று பாடுகிறார். இப்போது பவுல் நின்ற இடத்தை நினைத்துப் பாருங்கள். தினந்தோறும் சந்தைவெளியில் பேசிக்கொண்டிருந்த மனிதர், சந்தைகள் தெய்வத்தால் நிறைந்திருக்கின்றன என்று தொடங்கும் ஒரு கவிதையின் வரியை, அதைப் பள்ளிப் பருவத்திலேயே கேட்டிருக்கக்கூடிய மக்களுக்கு முன்பாகச் சொல்லுகிறார். அந்த ஒரு வரியோடு அதற்கு முந்தைய நான்கு வரிகளும் கேட்டவர்களின் மனதில் தாமாகவே எழுந்திருக்கும் என்று எண்ணுகிறேன்.

இன்னொரு செய்தியும் உண்டு. அராத்தஸின் சொந்த ஊர் சோலி. அது சிலிசியா நாட்டில் இருந்தது. பவுல் பிறந்த தர்சு பட்டணமும் அதே சிலிசியாதான். ஆகவே "உங்கள் புலவர்கள்" என்று அத்தேனே மக்களிடம் அவர் மரியாதையோடு சொன்னபோது, உண்மையில் தம் சொந்த மண்ணின் கவிஞனுடைய வரியைத்தான் எடுத்துப் பேசினார். அவர் அதை ஏட்டில் படித்தாரா, வளர்ந்த ஊரின் பெருமையாகக் கேட்டறிந்தாரா என்பதை லூக்கா எழுதவில்லை. ஆனால் தேவைக்காக அவசரமாகத் தேடி எடுத்த மேற்கோளைப் போல அது ஒலிக்கவில்லை. உள்ளே ஊறிக்கிடந்த ஒன்று உரிய நேரத்தில் வாய்க்கு வந்ததைப் போலவே ஒலிக்கிறது.

அதை வைத்துக்கொண்டு அவர் செய்ததுதான் இன்னும் அருமை. பாருங்கள், உங்கள் கவிஞரும் எங்களைப் போலவே சொல்லுகிறார், ஆகவே நாம் எல்லாரும் ஒன்றுதான் என்று சொல்லி அவர் முடித்துக்கொள்ளவில்லை. அடுத்த வசனத்திலேயே அந்த வரியைக் கொண்டு அவர்களுடைய பழக்கத்தைக் கேள்வி கேட்கிறார்: நாம் தேவனுடைய சந்ததியாராயிருக்க, மனிதனுடைய சித்திர வேலையினால் உருவாக்கின பொன், வெள்ளி, கல் இவைகளுக்குத் தெய்வம் ஒப்பாயிருக்கும் என்று நினைக்கலாகாது என்கிறார். உயிருள்ள பிள்ளைகளுக்கு உயிரற்ற கல் எப்படித் தகப்பனாக இருக்கும் என்பது அவருடைய வாதம். கவிஞரின் வரியை அவர் திரிக்கவில்லை. அந்த வரி போகவேண்டிய தூரம் வரைக்கும் அதை நடத்திக்கொண்டு போகிறார். பிறகு மனந்திரும்புதலையும் நியாயத்தீர்ப்பையும் மரித்தோரின் உயிர்த்தெழுதலையும் சொல்லுகிறார். கேட்டவர்களில் சிலர் இகழ்ந்தது கவிதையைக் கேட்டபோது அல்ல, உயிர்த்தெழுதலைக் கேட்டபோதுதான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பொதுக் கலாசாரம் கொண்டுபோய்விடும் தூரம் முடிந்து, சுவிசேஷம் மட்டுமே பேசவேண்டிய இடம் ஒன்று வருகிறது. பவுல் அந்த இடத்தில் நின்றுவிடாமல் தாண்டிப் போனார். தியொனீசியுவும் தாமரி என்னும் ஸ்திரீயும் வேறு சிலரும் விசுவாசித்தார்கள்.

பவுலுக்கு இது ஒருநாள் பழக்கமும் அல்ல. "ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்" என்று 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தில் அவர் எழுதிய வரி, மெனாண்டர் என்ற நகைச்சுவை நாடக ஆசிரியருடையது என்று பழைய திருச்சபை எழுத்தாளர்களே அடையாளம் காட்டியிருக்கிறார்கள். அந்த அதிகாரம் எதைப் பற்றியது தெரியுமா? மரித்தோரின் உயிர்த்தெழுதலைப் பற்றியது. அவ்வளவு கனமான வாதத்தின் நடுவில் மேடை நாடகத்தின் ஒரு வரி நிற்கிறது.

விளையாட்டையும் அவர் விடவில்லை. கொரிந்துக்கு அருகே ஈராண்டுக்கு ஒருமுறை நடந்த இஸ்த்மியப் போட்டிகளில் வென்றவர்களுக்குத் தழையாலும் இலையாலும் கட்டிய முடி சூட்டுவார்கள். ஒரு காலத்தில் அது வாடிய செலரித் தழை, வேறு காலங்களில் பைன் இலை. "அவர்கள் அழிவுள்ள கிரீடத்தைப் பெறும்படிக்கு அப்படிச் செய்கிறார்கள்" என்று கொரிந்து சபைக்கு அவர் எழுதும்போது, அந்த நகரத்தில் 18 மாதங்கள் வாழ்ந்த ஒருவர், அந்த முடியை நன்கு அறிந்த மக்களுக்கு எழுதுகிறார். ஓட்டப்பந்தயத்தை அவர் பழிக்கவுமில்லை, வீரனின் பயிற்சியைக் குறைத்துப் பேசவுமில்லை. அந்த வீரன் எல்லாவற்றிலும் இச்சையடக்கமாயிருப்பதை மெச்சிவிட்டுத்தான் அழிவில்லாத கிரீடத்தைப் பற்றிப் பேசுகிறார்.

(திரையில்: இடிந்த கற்கோபுரத்தின் ஓவியம்.)

இனி, ஆண்டவராகிய இயேசுவிடம் வருவோம். "உங்களுக்காகக் குழல் ஊதினோம், நீங்கள் கூத்தாடவில்லை" என்று சந்தைவெளியில் உட்கார்ந்து தோழரைக் குறைசொல்லும் சிறுபிள்ளைகளின் விளையாட்டையே அவர் தம் தலைமுறைக்கு உதாரணமாக எடுத்துக்கொண்டார். ஆனால் நான் அதிகமாக மதிப்பது அவர் பாடம் எடுக்க மறுத்த ஓர் இடத்தை. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்துபோனார்கள். அன்றைக்கு எல்லாரும் பேசிக்கொண்ட செய்தியாக அது இருந்திருக்க வேண்டும். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள், அதனால்தான் கோபுரம் விழுந்தது என்னும் ஆயத்தமான பாடம் எல்லாருடைய நாவிலும் இருந்தது. லூக்கா 13ஆம் அதிகாரத்தில், அப்படி நினைக்கிறீர்களோ என்று இயேசு கேட்டு, அப்படியல்ல என்று தாமே மறுத்து, கேட்டவர்களின் மனந்திரும்புதலை நோக்கிப் பேச்சைத் திருப்பிவிடுகிறார். இன்றைக்கு ஒரு வெள்ளமோ விபத்தோ நேர்ந்த மறுநாளே அதற்குக் கடவுளின் காரணத்தைச் சொல்லிவிடத் துணிகிறவர்கள் இந்த வசனங்களை முதலில் வாசிக்கவேண்டும். இதை வருத்தத்தோடு சொல்லுகிறேன். துக்கத்தில் இருக்கிறவர்கள்மேல் அந்தப் பேச்சு வைக்கும் பாரம் பெரிது.

அவசரம் இன்னொரு வகையிலும் தவறு செய்யும். ஆரம்ப நூற்றாண்டுகளில் கிரேக்க மொழியில் எழுதப்பட்டு, பின் பல மொழிகளில் பரவிய ஒரு விலங்கு நூல், ஒவ்வொரு விலங்கின் இயல்பிலிருந்தும் ஒரு கிறிஸ்தவப் பாடத்தைச் சொல்லியது. கூழைக்கடாப் பறவை தன் விலாவைக் கிழித்து, சிந்தும் இரத்தத்தால் இறந்த குஞ்சுகளை மூன்றாம் நாளில் உயிர்ப்பிக்கிறது என்று அதில் இருந்தது. எத்தனையோ ஆலயங்களின் பீடங்களிலும் கண்ணாடி ஓவியங்களிலும் அந்தப் பறவை கிறிஸ்துவின் அடையாளமாக இடம்பெற்றது. இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸுடையதாக வழங்கும் புகழ்பெற்ற நற்கருணைப் பாடலிலும் அது இருக்கிறது. ஆனால் எந்தக் கூழைக்கடாவும் அப்படிச் செய்வதில்லை. அது மீனைத்தான் ஊட்டுகிறது. அலகைப் பையோடு மார்பில் அழுத்தி இரை கொடுப்பதைப் பார்த்தவர்கள் அப்படி எண்ணியிருக்கலாம். பாடல் அழகானது, சிலுவையின் சத்தியம் பறவையை நம்பி நிற்கவுமில்லை. ஆயினும் பறவையை முதலில் பறவையாகப் பார்க்கும் பொறுமை நமக்கு வேண்டும்.

சினிமா, நாடகம் என்றாலே விலகியிருக்கச் சொன்னவர்கள் திருச்சபையில் எப்போதும் உண்டு. சுமார் 200ஆம் ஆண்டில் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன், கிரேக்க ஞானத்துக்கும் விசுவாசத்துக்கும் தொடர்பில்லை என்னும் கருத்தில், அத்தேனேவுக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். எகிப்தியரின் பொன்னை இஸ்ரவேலர் எடுத்துவந்ததை நினைவூட்டி, எங்கே கிடைத்தாலும் உண்மை ஆண்டவருடையதே என்று பிற்காலத்துத் திருச்சபைத் தலைவரான அகுஸ்தீன் எழுதினார். பாலைவனத்தில் கன்றுக்குட்டியாக வார்க்கப்பட்டதும் அங்கிருந்து வந்த பொன்தான் என்பதை நான் அவர் பக்கத்தில் எழுதிவைக்கிறேன்.

சரி, நம் அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். மொபைலுக்குச் சார்ஜ் ஏற்றுவதைப் போல ஆத்துமாவுக்கு ஜெபம் வேண்டும் என்று நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அதில் பொய் இல்லை. ஆனால் அது கேட்டவரை எந்த இடத்திலும் தடுத்து நிறுத்துவதில்லை, தேவனையும் சுவரில் இருக்கும் மின்சாரமாக்கிவிடுகிறது. இயேசுவின் உவமையோ நம்மைத் திடுக்கிட வைக்கும். பஸ்கா நாட்களில் வீட்டிலிருந்தே அகற்றவேண்டிய புளித்த மாவைக் கொண்டு, ஒரு குடும்பம் சாப்பிடக்கூடியதைவிடப் பல மடங்கு மாவைப் புளிக்கவைக்கிற ஒரு ஸ்திரீயைப் பரலோகராஜ்யத்துக்கு அவர் ஒப்பிட்டார். கேட்டவர்கள் முகம் சுளித்திருப்பார்கள், பிறகு யோசித்திருப்பார்கள்.

சினிமாவிலும் இதே முறையைக் கையாளலாம். கதாநாயகன் மற்றவர்களுக்காக உயிரைக் கொடுக்கிறான், இறந்துவிட்டான் என்று எல்லாரும் அழும்போது எழுந்து வருகிறான், கைகளை விரித்து நிற்கிறான். உடனே நம் இளைஞர் கூட்டங்களில், இதோ கிறிஸ்துவின் சாயல் என்று சொல்லிவிடுகிறோம். ஒற்றுமை உண்மைதான், அதைச் சொல்வதில் தவறும் இல்லை. ஆனால் அங்கேயே நிறுத்தினால் படத்தையும் பாதிதான் பார்த்தோம், சுவிசேஷத்தையும் பாதிதான் சொன்னோம். அந்தக் கதாநாயகன் யாருக்காக இறக்கிறான் என்று கேளுங்கள். பெரும்பாலும் தன் குடும்பத்துக்காக, நண்பர்களுக்காக, தன்னை நேசிக்கும் மக்களுக்காக இறக்கிறான்; வில்லனோ கடைசிக் காட்சியில் அழிந்துபோகிறான், நாமும் கைதட்டுகிறோம். பவுல் ரோமர் 5ஆம் அதிகாரத்தில், நல்லவனுக்காக ஒருவேளை ஒருவன் மரிக்கத் துணிவான் என்று அந்தக் கதாநாயகனுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட்டு, நாம் பாவிகளாயிருக்கையில், சத்துருக்களாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று எழுதுகிறார். படத்தின் பாத்திரங்களில் நாம் கைதட்டி மகிழ்ந்த கூட்டத்தில் இல்லை, அழிந்துபோனவனின் இடத்தில் இருக்கிறோம். அவனுக்காகத்தான் கதாநாயகன் உயிரைக் கொடுத்தார். அப்படி ஒரு முடிவோடு படம் எடுத்தால் அரங்கத்தில் எத்தனை பேர் ஏற்றுக்கொள்வார்கள்? ஏற்றுக்கொள்ள முடியாத அந்த நெருடலைப் பற்றி இளைஞர்களோடு ஒரு மாலைப்பொழுது முழுவதும் பேசலாம்.

நீங்கள் கடைசியாக மனமொன்றிப் பார்த்த படத்தையோ கேட்ட பாடலையோ எடுத்துக்கொண்டு, அது சுவிசேஷத்தோடு எதுவரைக்கும் கூட வருகிறது, எந்த இடத்தில் பிரிந்துபோகிறது என்று கமெண்ட் பகுதியில் எழுதுங்கள். ஒற்றுமையை மட்டும் எழுதாமல், பிரியும் இடத்தையும் தயவுசெய்து எழுதுங்கள். ஒவ்வொன்றையும் நான் வாசிப்பேன். அவற்றில் சிலவற்றை எடுத்து அடுத்த வீடியோவில் விரிவாகப் பேசுவோம்.