கார்கார் ஷூவுக்கு உயிர் வந்துவிட்டது!

வணக்கம் மக்களே! வழக்கமாக மொட்டை மாடியில் பேசுவேன், இன்றைக்கு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேலே ஏறுகிற வரைக்கும் பொறுமை இல்லை. இதைப் பாருங்கள். பிலிப்பைன்ஸில் மிஷனரி ஊழியம் முடித்து வந்து நான் பெட்டி பிரித்த வீடியோவில் அடித்தோல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்ததே, அதே கறுப்பு ஷூதான். நேற்று சரியாகிவிட்டது. எவ்வளவு தெரியுமா? 180 ரூபாய்!

முதலில் ஒரு பெரிய கடைக்குத்தான் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் ஷூவைக் கையில்கூட வாங்கவில்லை. "இதையெல்லாம் எதுக்கு மேடம் தூக்கிட்டு வர்றீங்க, புதுசே 1,899 தான்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் பதிலே பேசாமல் வெளியே வந்துவிட்டேன். ஒரு பொருளைத் தொட்டுப் பார்க்காமலேயே குப்பை என்று சொல்கிற ஆட்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

அப்புறம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் அண்ணாவிடம் போனேன். அவர் ஷூவைத் திருப்பி, வளைத்து, விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல தோலும்மா, எந்த ஊர்ல வாங்கினது?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கே 500 கொடுத்திருப்பேன்!

அது கார்கார் ஊர் ஷூ. பிலிப்பைன்ஸில் செபு தீவு, செபு நகரத்திலிருந்து தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஷூ தைப்பதற்கே பேர்போன ஊர். என் 18 மாத ஊழியத்தில் ஏழரை மாதம் அங்கேதான். சென்னையிலிருந்து கொண்டுபோன ஜோடி இரண்டாவது மழையிலேயே பல்லை இளித்துவிட்டது. கார்காரில் இதற்கு 750 பெசோ சொன்னார்கள். செபுவானோ மொழியில் பேரம் பேசுவதற்கு "ஹாங்யோ" என்பார்கள். நான் அந்த மொழியில் முழுதாகப் பேசி முடித்த முதல் பேரம் அதுதான். 650க்கு வாங்கினேன்! என் கம்பானியன் வாயே திறக்கவில்லை, எல்லாம் நானே.

சொல்ல மறந்துவிட்டேன், புதிதாக வந்தவர்களுக்காக: கம்பானியன் என்றால் கூடவே ஊழியம் செய்கிற இன்னொரு சிஸ்டர். எங்கள் சபையில் மிஷனரி தனியாக எங்கேயும் போக முடியாது. தூங்குவது, சமைப்பது, நடப்பது எல்லாமே இரண்டு பேராக. ஆண்களுக்கு 24 மாதம், அவர்கள் எல்டர். பெண்களுக்கு 18 மாதம், நாங்கள் சிஸ்டர். ஆறு வாரத்துக்கு ஒரு முறை மாற்றல் வரும், வராமலும் போகும். இன்னொன்று, "மார்மன் பொண்ணு" என்று என்னைக் கூப்பிடாதீர்கள். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, அதுதான் பெயர். முழுப் பெயரையே சொல்லுங்கள் என்று அப்போது எங்கள் சபைத் தலைவராக இருந்த நெல்சன் 2018இலேயே கேட்டுக்கொண்டார். நீளம்தான், ஆனால் அதில் இயேசுவின் பெயர் இருக்கிறது. எனக்கு அது முக்கியம்.

சரி, ஷூ ஏன் இவ்வளவு தேய்ந்தது? காலை 6.30க்கு எழுவோம். உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு, வேத வாசிப்பு, பிறகு இரண்டு பேரும் சேர்ந்து படிப்பது, மொழிப் படிப்பு. அது முடிந்தால் வெயிலோ மழையோ வெளியேதான். ஜீப்னி என்கிற ஷேர் வண்டியில் ஏறினால் "பாலிஹுக்", அதாவது தயவுசெய்து, என்று சொல்லிச் சில்லறையை நீட்ட வேண்டும். உட்கார்ந்திருப்பவர்கள் கைமாற்றிக் கைமாற்றி ஓட்டுநரிடம் சேர்ப்பார்கள். இறங்க வேண்டுமா, "லுகார் லாங்!" என்று குரல் கொடுக்க வேண்டும். முதல் வாரம் எனக்குக் குரலே எழும்பாமல் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, அத்தனை தூரமும் திரும்பி நடந்தோம். ஜீப்னி போகாத சந்துகளில் எப்படியும் நடைதான். பத்து வீட்டில் ஒன்பது வீடு "இன்னொரு நாள் வாங்க" என்று அனுப்பிவிடும். பத்தாவது வீட்டில் உட்காரச் சொல்லிக் காபி கலக்கப் போவார்கள். நாங்கள் காபி, டீ குடிப்பதில்லை என்றதும் மைலோ என்கிற சாக்லேட் பானம் வரும். இல்லாத வீட்டிலும் பிள்ளையைக் கடைக்கு ஓடவிட்டு ஒரு பாக்கெட் வாங்கிவரச் சொல்வார்கள். அந்த மைலோவை என்னால் மறக்கவே முடியாது.

கறுப்புப் பெயர்ப் பட்டையில் குடும்பப் பெயர் இருக்க வேண்டும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போட்டுவிட்டார்கள். 18 மாதமும் ஊரே என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டது. திங்கட்கிழமை வீடியோ காலில் இதைச் சொன்னபோது அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

திங்கள் எங்களுக்கு ஓய்வு நாள். ஓய்வு என்றால் பாவாடைகளைப் பெரிய பேசினில் போட்டுக் கையால் துவைப்பது, மார்க்கெட், வீட்டுக்கு அழைப்பு. வாரம் ஒரு முறை வீட்டோடு பேசலாம் என்பது 2019இல்தான் வந்தது. அதற்கு முன்னால் போனவர்கள் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும் பேசினார்கள். எப்படித் தாங்கினார்களோ! கடல் எந்நேரமும் கண்ணெதிரே. ஆனால் மிஷனரிகள் நீந்தக் கூடாது. கால் நனைத்ததோடு சரி. சென்னை வந்து இறங்கிய மறுநாளே நான் எலியட்ஸ் பீச்சுக்கு ஓடியது உங்களுக்குத் தெரியும்.

ஐயோ, முக்கியமானது விட்டுப்போச்சு. ஷூ வாங்கிய அன்றைக்குக் கடைக்காரம்மா எங்களை மார்க்கெட்டுக்குள் கூட்டிப்போய்ப் "புத்தோ மாயா" வாங்கிக் கொடுத்தார். புட்டு என்று நினைத்து ஆவலாக உட்கார்ந்தேன். பசையரிசியைத் தேங்காய்ப் பாலும் இஞ்சியும் சேர்த்து வேகவைத்தது. கூடவே சூடான கொக்கோ, பழுத்த மாம்பழம். மாம்பழத்துக்கு அங்கே என்ன பெயர்? "மங்கா"! நம் மாங்காய்தான் மலாய் வழியாக அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. பாஷை புரியாத ஊரில் அந்த ஒரு சொல் காதில் விழுந்தபோது கண் கலங்கிவிட்டது.

ஷூவுக்கு வருகிறேன். அண்ணா பழைய பசையைச் சுரண்டி எடுத்து, புது ரப்பர் வைத்து, சுற்றிலும் தடித்த நைலான் நூலால் தைத்தார். தையலைப் பாருங்கள், ஒரே அளவு! 40 நிமிடம் பக்கத்திலேயே நின்றேன். 200 கேட்டார், "ஹாங்யோ" போட்டு 180. போட்ட பிறகு மனசு கேட்கவில்லை, அந்த இருபதையும் கையில் வைத்துவிட்டுத்தான் வந்தேன். அப்படியானால் 200 ஆகிறது, ஆமாம், மேலே 180 என்று சொன்னதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்கு இதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். பாலிஷ் மட்டும் வாங்க வேண்டும்.