கண்ணாடிப் பெட்டியிலிருந்து இறக்குங்கள்

(கிருஷ்ணகிரியில் ஜூலை மாதக் கடைசி ஞாயிறன்று, புனித அல்போன்சா திருநாளை ஒட்டி நடந்த கத்தோலிக்க ஆலயப் பங்குப் பெண்கள் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

பங்குத்தந்தை அவர்களே, சிஸ்டர்களே, எலத்தகிரியிலிருந்தும் பர்கூர் பக்கத்திலிருந்தும் காலையிலேயே பஸ் பிடித்து வந்திருக்கும் அம்மாமார்களே, அக்கா தங்கைகளே, வணக்கம்.

மாங்கூழ் கம்பெனி வேலை ஓய்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் காலை நீட்டி உட்காரலாம் என்று நினைத்திருப்பீர்கள். அந்த நேரத்தையும் நான் பிடுங்கிக்கொண்டேன். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கே பாதிப் பேருக்குப் புனிதைகளின் பெயர்தான். தெரசம்மாள், மோனிக்கா, கத்தரின், அல்போன்சா. அந்தப் பெயருக்குரியவர் என்ன செய்தார் என்று கேட்டால், "ரொம்ப ஜெபம் பண்ணினாங்க, ரொம்பக் கஷ்டப்பட்டாங்க" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். சுரூபத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மாலை போட்டாயிற்று. அவர் என்ன பேசினார், யாரை எதிர்த்தார், எதற்கு எரிச்சல்பட்டார் என்பதெல்லாம் பெட்டிக்கு வெளியே நின்றுவிட்டது. எனக்குத் தெம்பு கொடுத்ததோ அந்த வெளியே நின்ற சங்கதிதான்.

இத்தாலியில் சியன்னா ஊர் கத்தரினை எடுத்துக்கொள்ளுங்கள். 1347-இல் பிறந்தவர். அப்பா சாயப்பட்டறைக்காரர். வீட்டில் இருபதுக்கும் மேல் பிள்ளைகள். கல்யாணப் பேச்சு எடுத்தபோது இந்தப் பெண் தன் தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டது. வீட்டார் விடுவார்களா? வேலைக்காரியை நிறுத்திவிட்டு மொத்த வேலையையும் இவள் தலையில் கட்டினார்கள். தனியாக உட்கார்ந்து ஜெபம் பண்ண ஓர் அறை இருந்தது, அதையும் பறித்துக்கொண்டார்கள். துணி துவை, சமை, பரிமாறு, பாத்திரம் தேய்.

அவர் செய்ததைக் கேளுங்கள். அறையைப் பிடுங்கினால் என்ன, மனசுக்குள்ளேயே ஓர் அறை கட்டிக்கொள்கிறேன், அதிலிருந்து யாரும் என்னை வெளியே தள்ள முடியாது என்று முடிவெடுத்தார். அப்பாவை இயேசுவாகவும் அம்மாவை மாதாவாகவும் அண்ணன்மாரை அப்போஸ்தலர்களாகவும் நினைத்துக்கொண்டு சோறு போட்டார். அவருடைய ஆன்ம குரு ரெய்மண்ட் இதை எழுதி வைத்திருக்கிறார். கடைசியில் அப்பாவே மனம் இறங்கி, இனி யாரும் இவளைத் தொந்தரவு பண்ணக்கூடாது என்று சொல்லி விட்டுவிட்டார்.

நம் வீடுகளில் பெண்ணுக்குத் தனி அறை எங்கே இருக்கிறது? ஹாலில்தான் டிவி, ஹாலில்தான் படுக்கை, ஹாலில்தான் விருந்தாளி. நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் ஒரு அலமாரித் தட்டுகூடத் தன்னுடையது என்று சொல்ல முடியாத அம்மாமார்களை எனக்குத் தெரியும். கத்தரினின் கதை அவர்களுக்காகவே நடந்தது போலத் தோன்றும்.

கதை அங்கே முடியவும் இல்லை. பள்ளிக்கூடம் போகாத அந்தப் பெண், பக்கத்தில் இருந்தவர்களை எழுதச் சொல்லி, ராஜாக்களுக்கும் கர்தினால்களுக்கும் கடிதம் அனுப்பினார். அப்போது போப்பாண்டவர் ரோமில் இல்லை, பிரான்ஸ் பக்கம் அவிஞ்ஞோனில் இருந்தார். 1376-இல் கத்தரின் நேரிலேயே போய், நீங்கள் ரோமுக்குத் திரும்ப வேண்டும், பயப்படாதீர்கள் என்று 11-ஆம் கிரகோரியாரிடம் சொன்னார். அடுத்த வருஷம் ஜனவரியில் போப்பாண்டவர் ரோமுக்கு வந்து சேர்ந்தார். கத்தரின் ஒருவரால்தான் வந்தார் என்று நான் சொல்ல மாட்டேன், அதில் அரசியலும் இருந்தது. ஆனால் போப்பாண்டவர் முகத்துக்கு நேரே பேசிய சாயப்பட்டறைக்காரர் மகள் அவர். அன்பியத்தில், நம் தெருக் குடும்பங்கள் சேரும் ஜெபக் கூட்டத்தில், "நீங்களே சொல்லுங்கக்கா, எனக்குப் பேச வராது" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொள்கிறீர்களே, அதனால் சொல்கிறேன்.

அடுத்து நம்ம குழந்தை தெரேசா. பூ தூவுகிற படம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. 15 வயதில் பிரான்சில் லிசியே மடத்துக்குள் போனவர், 24 வயதில், 1897-இல், காசநோயில் இறந்துபோனார். மடத்தை விட்டு வெளியே வராதவரை 1927-இல் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலி ஆக்கினார்கள். நம் தர்மபுரி மறைமாவட்டம் உருவான அதே 1997-இல் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநர், அதாவது திருச்சபைக்கே போதிக்கிற ஆசிரியர், என்றும் அறிவித்தார்கள்.

பட்டமெல்லாம் இருக்கட்டும். எனக்குப் பிடித்தது அவருடைய துணி துவைக்கிற கதை. மடத்தில் எல்லாரும் வரிசையாக நின்று கைக்குட்டை அலசுகிறார்கள். எதிரே நிற்கிற சிஸ்டர் ஒவ்வொரு தடவை துணியை அடிக்கும்போதும் அழுக்குத் தண்ணீர் இவர் முகத்தில் தெறிக்கிறது. சட்டென்று பின்னால் தள்ளி, முகத்தைத் துடைத்துக்கொள்ளத்தான் முதலில் தோன்றியதாம். "கொஞ்சம் பார்த்துத் துவைங்க" என்பதை வாய் திறக்காமலே சொல்கிற வழி அது. நமக்கும் நன்றாகத் தெரிந்த வழி! அவர் அப்படிச் செய்யவில்லை, நின்றார். இன்னொரு சிஸ்டர் தியான நேரத்தில் ஏதோ ஒரு சத்தம் போட்டுக்கொண்டே இருப்பாராம். திரும்பி ஒரு முறை முறைத்தால் நின்றுவிடும். திரும்பாமல் இருக்கப் பட்ட பாட்டில் உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது என்று அவரே எழுதுகிறார். எரிச்சலே வராத புனிதை என்றால் என்னைப் போன்றவளுக்கு என்ன பிரயோஜனம்? வேர்த்தது என்று எழுதினார் பாருங்கள், அதனால்தான் அவரை நம்புகிறேன்.

மோனிக்கா அம்மாள் விஷயத்தில் மட்டும் ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது. கோபக்காரக் கணவரை அவர் பொறுத்துப்போனார் என்றும், அடிபட்ட முகத்தோடு வந்த மற்ற பெண்களிடம் உங்கள் நாக்கை அடக்குங்கள் என்று சொன்னார் என்றும் மகன் அகுஸ்தீனார் எழுதியிருக்கிறார். அந்த அறிவுரையை நான் ஏற்கவில்லை. புனிதை சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் வேதவாக்கு என்று திருச்சபை எங்கும் சொல்லவில்லை. குடித்துவிட்டு வந்து அடிக்கிறவனிடம் "மோனிக்கா மாதிரி பொறுத்துக்கம்மா" என்று யாராவது உங்களைத் திருப்பி அனுப்பினால், பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போடுங்கள். மோனிக்காவிடம் எடுத்துக்கொள்ள வேறு ஒன்று இருக்கிறது. மகன் பொய் சொல்லி, அவரைக் கடற்கரையிலேயே விட்டுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ரோமுக்குக் கப்பல் ஏறிவிட்டான். அழுதார். பிறகு அவரும் கப்பல் ஏறி, மிலான் வரை போய் அவனைப் பிடித்தார். கண்ணீரைப் பற்றியே பிரசங்கம் வைக்கிறோம், கப்பலை விட்டுவிடுகிறோம்.

மகளிர் சுயஉதவிக் குழு நடத்துகிற அக்காமாருக்கு ராணி மரியா சிஸ்டர். கேரளாவில் பிறந்து, மத்தியப் பிரதேசத்தில் உதயநகர் பக்கம் வேலை செய்தவர். ஏழை விவசாயிகளை, பழங்குடி மக்களைக் குழுவாகச் சேர்த்து, வட்டிக்காரர்களிடமிருந்து விடுவிக்கப் பார்த்தார். 1995 பிப்ரவரி 25 அன்று, பயணம் செய்த பஸ்ஸிலிருந்து இழுத்துக் குத்திக் கொன்றார்கள். பின்னால் அவருடைய தங்கை, அவரும் ஒரு சிஸ்டர், சிறைக்குப் போய்க் கொன்றவனின் கையில் ராக்கி கட்டினார். அம்மாவும் அவனை மன்னித்தார். 2017-இல் இந்தூரில், புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான அருளாளர் பட்டம் கொடுத்தார்கள். மன்னிப்பைப் பெரிதாகப் பேசுகிறோம், சரி. ஆனால் மன்னித்தது ஆளைத்தான், வட்டியை இல்லை.

கடைசியாக இன்றைய நாயகி. அல்போன்சா 1910 ஆகஸ்ட் 19-இல் பிறந்தவர். அன்னை தெரேசா பிறந்தது அதே மாதம் 26-ஆம் தேதி. ஒருவர் உலகம் சுற்றினார், மற்றவர் கேரளாவில் பரணங்கானத்தில் படுக்கையில் கிடந்தார். 36 வயது நிறையாமலே போய்விட்டார். 2008-இல் புனிதை ஆனார். தாயில்லாப் பெண்ணை வளர்த்த பெரியம்மா 13 வயதில் கல்யாணத்துக்கு நாள் பார்த்தார். அந்தப் பிள்ளை, காலில் கொஞ்சம் சுட்டுக்கொண்டால் கல்யாணம் நின்றுவிடும் என்று எண்ணி, பதர் எரித்த குழியில் கால் வைத்தது. சறுக்கி உள்ளே விழுந்து மோசமாக வெந்துபோனது.

இதைப் பக்தியாகவே சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆசிரியையாக இருந்த நான் வேறு மாதிரிக் கேட்கிறேன். "எனக்கு வேண்டாம்" என்று அந்தப் பிள்ளை சொன்னபோது காது கொடுக்க ஓர் ஆள் இருந்திருந்தால் நெருப்பு எதற்கு? நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் ஜூன் மாதம் பள்ளி திறந்து வருகைப் பதிவேடு எடுத்தால், ஒன்றிரண்டு பெயருக்குப் பதில் வராது. "சொந்தத்துல கேட்டாங்க டீச்சர், குடுத்துட்டாங்க" என்று பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை சொல்லும். பதினெட்டுக்கு முன் கல்யாணம் சட்டப்படி குற்றம் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே பத்திரிகை அடிப்பார்கள், நாமும் மொய் எழுதிவிட்டு வருவோம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அதைவிட முக்கியம், அந்தப் பிள்ளை முதலில் வந்து சொல்லக்கூடிய பெரியம்மாவாக நீங்கள் இருங்கள்.

சாப்பாடு ஆறிப்போகிறது என்று பின்னாலிருந்து சிஸ்டர் கை காட்டுகிறார்கள். பத்து நிமிஷம் மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறேன். மோனிக்கா விஷயத்தில் நான் சொன்னதில் இரண்டு பேருக்கு முகம் சுருங்கியதைப் பார்த்தேன். முதலில் அவர்கள் எழுந்து பேசட்டும், மைக்கை அந்தப் பக்கம் கொடுங்கள்.