நம்ம பிளேன்தான்

நேயர்களுக்கு வணக்கம். பேர்ல் துறைமுகத் தாக்குதலைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அது நடந்தது ஹவாயில், பேசுகிற நான் பர்மாவில் யாங்கோன்காரன், அந்தக் காலத்து ரங்கூன். ஆனாலும் எங்கள் வீட்டில் சோற்றோடு சேர்த்து ஊட்டிய கதை அது.

1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. காலை 7 மணி தாண்டிய நேரம். ஓபானா என்ற இடத்தில் ரேடார் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு சிப்பாய்களுக்கு, வடக்கே பெரிய விமானக் கூட்டம் ஒன்று தெரிந்துவிட்டது. போன் போட்டுச் சொன்னார்கள். கலிபோர்னியாவிலிருந்து நம்முடைய பி-17 குண்டுவீச்சு விமானங்கள் வர வேண்டியிருந்தது, அதுவாகத்தான் இருக்கும் என்று எடுத்த அதிகாரி விட்டுவிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் குண்டு விழுந்தது. ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து 350க்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள், இரண்டு அலையாக. அரிசோனா என்ற ஒரே கப்பலில் செத்தவர்கள் 1,177 பேர். மறுநாளே அமெரிக்கா போரில் இறங்கியது. ஜப்பானுக்கு எண்ணெய் விற்பதை அமெரிக்கா நிறுத்திச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அடி விழும் என்று அமெரிக்கர்களுக்குத் தெரியும், எங்கே என்றுதான் தெரியவில்லை.

அந்த நேரம் ரங்கூனில் நள்ளிரவு கடந்து 8ஆம் தேதி பிறந்திருந்தது. தாத்தா மொகல் தெருவில் ஒரு செட்டியாரின் வட்டிக் கடையில் அடுத்தாள், அதாவது கடையை நடத்தும் மேலாளுக்கு அடுத்த நிலை ஆள். பணப்பெட்டி வைத்துக் கணக்கு எழுதும் பெட்டியடியில் நாலு நாள் இதே பேச்சு, அப்புறம் வட்டிக் கணக்கு. அது வெள்ளைக்காரன் சண்டை, நமக்கென்ன என்றாராம் மேலாள். சீனாவுக்கு ஆயுதம் போகிற பாதையே ரங்கூன் துறைமுகத்தில்தான் தொடங்குகிறது என்பதை அவருக்கு யார் சொல்வது?

டிசம்பர் 23, காலை பத்து மணிவாக்கில் வானத்தில் இரைச்சல். மிங்கலாடோன் விமான தளத்துப் பக்கம் விமானங்கள் பறந்து பழகுவதைப் பார்த்த ஊர். "நம்ம பிளேன்தான்" என்று யாரோ சொல்ல, தெருவே அண்ணாந்து பார்த்தது. தாத்தாவும் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். ஓபானாவுக்குப் போன் வசதியாவது இருந்தது. இங்கே ஒளிய வேண்டும் என்றுகூட ஜனங்களுக்குத் தோன்றவில்லை. வந்தது ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள். அன்று செத்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். வேடிக்கை பார்க்க நின்றவர்களும், துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த நம் ஆட்களும் அதில் நிறைய. கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும் வந்தார்கள்.

அதற்கப்புறம் ஊர் காலியானது. புரோம் வழியாக அரக்கான் மலை ஏறியவர்கள், தமு வழியாக மணிப்பூர் போனவர்கள் என்று லட்சக்கணக்கில் இந்தியர்கள் நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் பாதையிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கே கிடையாது.

எங்கள் ஆயா நடக்கவில்லை. வயிற்றில் என் அப்பா. துவாந்தே பக்கம் ஒரு பர்மியக் குடும்பத்தின் நெல் களஞ்சியத்தில் ஒளிந்துகொண்டார்கள். மார்ச் 8ஆம் தேதி ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. அப்பா பிறந்தது அதற்குப் பத்து நாள் கழித்து. பிள்ளை முதலில் அழுதபோது, வெளியே பிளேன் சத்தம் கேட்கிறதா என்று தாத்தா கதவில் காது வைத்துக்கொண்டு நின்றாராம்.